விட்ட மீன் போன வழி

"நான் ஜெயிச்சிட்டேன், அம்மா. ஆனா மீன் செத்துக்கிட்டே இருக்கு. இது எந்த ஊரு நியாயம்?"

கேட்டவர் மாசிலாமணி. ஆனைமடுவிலிருந்து ஆற்றோரமாகவே வெயிலில் நடந்து வந்திருந்தார். தோளில் சிவப்புத் துண்டு. பேச்சுக்கு முன்னால் மூச்சு வந்தது.

கரையம்மா ஆற்று மணலைப் போட்டுக் கஞ்சிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கேக்க வந்தீங்களா தலைவரே, சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப முதல்ல சொல்லி முடிங்க. அப்புறம் கேக்கலாம்."

அவளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மடம் என்று யாருக்கும் தெரியாது. மடுவுக்குக் கீழே ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். உபதேசம் கிடையாது. யாராவது ஏதாவது கேட்டால் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். கேட்டவர்களில் பாதிப் பேர் மறுபடி வருவதில்லை.

மாசிலாமணி மறுபடி மறுபடி வந்தார்.

அவருடைய இயக்கம் இரண்டாக உடைந்து, இரண்டு நான்காகி, கடைசியில் ஒரு டீக்கடை பெஞ்சில் அடங்கிப் போயிருந்தது. அந்தக் கசப்போடு ஒரு நாள் அவளிடம் வந்து, கடவுள் இல்லை என்று பொழுது சாயும் வரை பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் "சரி" என்றாள்.

மேடை மேடையாக ஏறி எத்தனையோ பேரை மடக்கியவர். அந்தச் "சரி"க்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொண்டார். அவள் அவரைத் தலைவரே என்று கூப்பிட்டாள்.

"சொல்லுங்க."

சொன்னார். அவளுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னார். முதலிலிருந்து சொல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது.

ஆனைமடு ஆழமான மடு. அதில் ஆனைக்கெண்டைகள் இருந்தன. தூக்கி நிறுத்தினால் ஆள் இடுப்புக்கு வரும். குவாரி வெடியைத் திருடிக்கொண்டுவந்து மடுவில் போட்டு, மிதந்ததைக் கூடை கூடையாக அள்ளிப் போன காலம் ஒன்று இருந்தது. அதை நிறுத்தியவர் மாசிலாமணி. உண்ணாவிரதம், மறியல், துண்டறிக்கை, சிறை. வெடிக்காரர்கள் ஓடினார்கள்.

அதோடு விடவில்லை. கரட்டூர் வலைக்காரர்களிடம் போனார். வலையையும் எடுங்கள், மடு பிழைக்கட்டும் என்றார்.

ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சடையன் ஒருவன்தான் எழுந்தான். மனைவி செத்து, பிள்ளை குட்டி இல்லாமல் ஆற்றோரக் குடிசையில் தனியாகக் கிடந்த ஆள். சொத்து என்று இருந்தது ஒரு வலை. அதைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் தீயில் போட்டான்.

"தோழரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

வலை போன ஊருக்குச் சோறு வேண்டுமே. அதற்கும் மாசிலாமணி வழி கண்டார். நகரத்துத் தூண்டில் சங்கத்தாரை வரவழைத்தார். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிற கனவான்கள். பிடிக்கலாம், கொல்லக் கூடாது. பிடித்த மீனை அதே மடுவில் விட்டுவிட வேண்டும். அவர்களுக்கு மடுக்கரையில் ஒரு முகாம்; பரிசல் ஓட்டவும் சமைத்துப் போடவும் கரட்டூர் ஆட்கள். மீனும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு. இந்தக் கோடையிலதான் அம்மா. வயிறு மேல தெரிய மெதந்து வருது. பொடி மீன் இல்ல. பெரிய பெரிய கெண்டையா."

"யாரு கொல்றா?"

"மருந்து வைக்கிறாங்க. வேற யாரு? கரட்டூர்க்காரன்தான். வலை போன ஆத்திரம் இன்னும் அடங்கல."

"கரட்டூர்ல யாரு?"

மாசிலாமணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சடையன்."

கரையம்மாவின் கை பானைக்குள் நின்றது.

"என் கண்ணால பாத்தேன். விடியக்காலையில கரையோரமா கூடையோட போறான். கூடை நெறைய செத்த கெண்டை. ஏன்டா, எங்கடா கொண்டு போறேன்னு கேட்டேன். வாயைத் திறக்கல. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். குற்றவாளி வேற எப்படி நிப்பான்?"

"அப்புறம்?"

"இன்னிக்குக் காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். ஜீப் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. என் கையாலயே குடுத்தேன் அம்மா. வலிக்குது. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கே."

"அவன் அழுதானா?"

"சிரிச்சான். ஜீப்ல ஏறுறப்ப என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். என்ன திமிரு பாருங்க."

கரையம்மா பானையைக் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாது தலைவரே. எப்படி விடுறீங்க? சொல்லுங்க."

மாசிலாமணிக்கு முகம் மலர்ந்தது. இது அவருடைய இடம். இதைப் பற்றி அவர் துண்டறிக்கையே போட்டிருக்கிறார்.

"கொக்கியில எதிர்முள் இருக்கக் கூடாது. இருந்தா குறடால நசுக்கிரணும். அப்பத்தான் வாயைக் கிழிக்காம கழண்டு வரும். மீன் கொக்கியை முழுங்கியிருந்தா புடுங்கக் கூடாது, தூண்டில் நரம்பை வெட்டி விட்டுரணும். ரொம்ப நேரம் இழுத்து விளையாட்டுக் காட்டக் கூடாது, களைச்சுப் போயிரும். கரைக்குக் கொண்டு வர்றப்ப முடிச்சில்லாத வலையில ஏந்தணும். தண்ணியை விட்டு வெளிய எடுக்கக் கூடாது. தொடுறதுன்னா ஈரக் கை. மீன் மேல ஒரு வழவழப்பு இருக்கு பாருங்க, அதுதான் அதுக்குத் தோலு, சட்டை, மருந்து எல்லாம். காஞ்ச கை பட்டா அது கையோட வந்துரும்."

"டவுன்காரங்க இதெல்லாம் செய்றாங்களா?"

"செய்யாம? நான் நிக்கிறேன்ல. ஒண்ணு தப்பினா தூண்டிலை ஒடிச்சு ஆத்துல போட்டுருவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வாங்குவேன்."

"நீங்க எதுக்கு?"

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போராடின கைதானே அம்மா விடுதலை பண்ணணும்? பணம் கட்டிப் பொழுது போக்க வந்தவன் பண்ணலாமா? கரையில ஜனமெல்லாம் வட்டமா நிக்கும். நான் போய் வாங்குவேன். ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிப்பேன். கோஷம் போடுவோம். போட்டோ எடுப்பாங்க. பாக்கணும் நீங்க. கோஷம் போடுறப்ப அந்த மீனும் வாயைத் திறந்து திறந்து மூடும். அதுவும் நம்மளோட சேந்து கோஷம் போடுற மாதிரியே இருக்கும். ஜனங்களுக்குக் கண்ணு கலங்கிரும்."

"உங்களுக்கு?"

"எனக்குந்தான்."

ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பாறைகளுக்கு இடையே நூல் நூலாக ஓடியது.

"அந்தக் கோஷத்தை எனக்கு ஒரு தரம் போட்டுக் காட்டுங்க" என்றாள் கரையம்மா.

மாசிலாமணி எழுந்து நின்றார். மேடையைக் கண்டவர் போல வலது கையை உயர்த்தினார். அந்தக் கையில் மோதிர விரல் இல்லை. இளவயதில், விடிவதற்குள் துண்டறிக்கை அடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அச்சு இயந்திரம் கடித்துக்கொண்டு போன விரல். மீதி நான்கையும் விரித்துக் காட்டித்தான் அவர் எந்தக் கூட்டத்தையும் தொடங்குவார். நாலு விரல் தோழர் என்றால் மூன்று மாவட்டத்துக்குத் தெரியும்.

"இருங்க" என்றாள் கரையம்மா. "நீங்க போட வேண்டாம். காத்து வாக்குல இங்க வரைக்கும் கேட்டிருக்கேன், நானே போடுறேன். நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. கோஷம் முடிஞ்சதும் விடுங்க."

அவர் சிரித்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

கரையம்மா நிதானமாகத் தொடங்கினாள்.

"பிடித்த கையே விடுக்கும்! பெருகும் ஆறே எடுக்கும்!"

நிறுத்தினாள். ஜனங்கள் திருப்பிச் சொல்ல நேரம் கொடுத்தாள்.

"ஆனைமடுவின் அரசே போ! அடிமையில்லை, நீந்திப் போ!"

மறுபடி நேரம் கொடுத்தாள்.

"விடுதலை!"

மாசிலாமணியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"விடுத..." என்று அவள் மறுபடி தொடங்கினாள்.

அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. இருமல் வந்தது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இன்னும் போட்டோ பாக்கி இருக்கு" என்றாள் கரையம்மா.

"என் வயசைக் கேலி பண்றீங்களா?"

"வயசை நான் எங்க கேட்டேன்? நல்ல கோஷம். மோனையெல்லாம் விழுது."

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். அவள் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனை வாங்குறதுக்கு முன்னால கையை என்ன பண்ணுவீங்க?"

"துடைப்பேன்."

"எதுல?"

"இதுலதான். மேடையேறி ஒருத்தருக்கு மாலை போடப் போறப்ப கையைத் துடைச்சுக்கிட்டுத்தானே போவோம்? ஒரு மரியாதை..."

அங்கே நிறுத்திக்கொண்டார்.

கரையம்மா எழுந்தாள்.

"வாங்க. கொஞ்சம் நடக்கலாம்."

கொட்டகைக்குக் கீழே, வளைவில், ஆறு ஒரு மணல் திட்டைத் தள்ளி வைத்திருந்தது. கிட்டே போகும்போதே நாற்றம் வந்தது. மணல் மேடு மேடாக இருந்தது. ஒவ்வொரு மேட்டின் மேலும் நாய் தோண்டாமல் இருக்க ஒரு கல்.

"என்ன இது?"

"சடையன் வேலை. விடியறதுக்கு முந்தி கரையோரமா தேடித் தேடிப் பொறுக்கிக்கிட்டு வருவான். இங்க கொண்டாந்து புதைப்பான். ஏன்டாப்பா இந்தப் பாடுன்னு கேட்டேன். 'தோழருக்குத் தெரிய வேணாம்மா, பாத்தா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு'ன்னான்."

மாசிலாமணி ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"இன்னிக்குப் புதைக்க ஆள் இல்ல" என்றாள்.

திட்டின் ஓரத்தில் ஒரு கெண்டை ஒதுங்கிக் கிடந்தது. பெரியது. பாதி உடம்பு தண்ணீரில். கண் வெளுத்திருந்தது. மருந்து வைத்துச் செத்த மீனை அவர் பார்த்திருக்கிறார். இது அப்படி இல்லை. பக்கவாட்டில் மட்டும் பஞ்சு ஒட்டினது போல வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. பட்டை பட்டையாக. ஒரு பட்டை, பக்கத்தில் இன்னொரு பட்டை, பிறகு ஓர் இடைவெளி, பிறகு குட்டையாக ஒரு பட்டை.

அவர் குனிந்தார்.

தன் வலது கையைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தார்.

சரியாகப் பொருந்தியது. இல்லாத விரல் இருக்க வேண்டிய இடத்தில் செதில் சுத்தமாகப் பளபளத்தது.

நெடுநேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"செத்து வர்றது தெரியும். ஏன் சாகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. போன அமாவாசைக்கு வந்தீங்க. 'விட்டதைப் போய்ப் பாருங்க தலைவரே'ன்னு சொன்னேன். நீங்க அதைப் பெரிய தத்துவம்னு நினைச்சுக்கிட்டு முகாம் சுவத்துல எழுதிப் போட்டீங்க."

எழுதித்தான் போட்டிருந்தார். சிவப்பு மையில், கொட்டை எழுத்தில். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் கையால் மணலைத் தோண்டினார். மீனைப் புதைத்தார். மேலே ஒரு கல் வைத்தார். அப்படியே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

"புகாரை வாபஸ் வாங்குறேன்" என்றார் எஸ்.ஐ.யிடம். "மீனைக் கொன்னது நான்தான்."

எஸ்.ஐ. சிரித்தார்.

"உக்காருங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க."

"நெசமாத்தான் சொல்றேன். இந்தக் கையைப் பாருங்க."

மேசை மேல் கையை வைத்தார்.

"பாத்திருக்கேனே ஐயா. சின்ன வயசுல எங்கப்பா உங்க கூட்டத்துக்கு என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு வருவாரு. நாலு விரலையும் விரிப்பீங்க, கூட்டம் அப்படியே எந்திரிக்கும். அந்தக் கை மீனைக் கொல்லுமா? உங்களுக்கு எளகின மனசு. அந்த ஆளு மேல எரக்கப்படுறீங்க."

"அவன் மேல தப்பு இல்ல."

"ஒத்துக்கிட்டானே."

"என்னது?"

"மருந்து வெச்சது நீதானான்னு கேட்டோம். முதல்ல இல்லேன்னான். அப்ப யாருன்னு கேட்டோம். அதுக்கு மட்டும் வாயைத் திறக்கல. கொஞ்சம் நல்லாக் கேட்டதும், சரி நான்தான்னுட்டான்."

பின்னறையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் யாருடையது என்று மாசிலாமணிக்குத் தெரியும்.

அவரை உள்ளே விடவில்லை. மறுநாள் சடையனைக் கோர்ட்டில் நிறுத்தி, கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். மாசிலாமணி வக்கீலைப் பிடித்தார். மனு போட்டார். கோர்ட் வராந்தாவில் நின்றார். தன்னுடைய வார்த்தையை எதிர்த்துத் தானே சாட்சி சொன்னார். யாரும் நம்பவில்லை. இத்தனை காலம் சேர்த்து வைத்த நல்ல பேர் குறுக்கே வந்து நின்றது.

இதற்கிடையில் ஆனைமடுவில் ஒரு கெண்டை மாட்டியது. பெரிய மீன். கரையில் வழக்கம் போல வட்டம் கூடியது. சங்கத்தார் மீனை வலையில் ஏந்திக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.

மாசிலாமணி துண்டை அவிழ்த்துப் பாறை மேல் வைத்தார். வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையையும் முழங்கை வரை நனைத்தார். மீனைத் தூக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே வயிற்றுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, வால் பக்கம் ஒரு கையால் லேசாகப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினார்.

"ஐயா, கோஷம்?" என்றார் ஒருவர்.

"வாயை மூடுங்க."

"வீடியோவுக்கு ஒரே ஒரு தடவை தூக்கிக் காமிச்சா..."

"அதுக்கு வெளிய எப்படியோ உனக்குத் தண்ணிக்குள்ள அப்படி. தலையை உள்ள வெச்சுக்க. நான் வீடியோ எடுக்கிறேன்."

வட்டம் மெல்லக் கலைந்தது. மீன் அசையவில்லை. செவுள் மட்டும் திறந்தது, மூடியது. முதுகு வலித்தது. கால் மரத்தது. வெயில் இடம் மாறியது. அவர் அப்படியே நின்றார்.

ஒரு கட்டத்தில் மீனின் உடம்பில் இறுக்கம் வந்தது. வால் ஒரு முறை அவர் மணிக்கட்டில் அடித்தது. கை காலியாக இருந்தது.

கைதட்ட அங்கே யாரும் இல்லை. பொழுது சாயும் வரை கரையோரமாகக் கீழ்நோக்கி நடந்து, மீன் எங்காவது ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். இல்லை.

அடுத்த அமாவாசைக்குக் கரையம்மாவிடம் அதைச் சொன்னார்.

"கத்துக்கிட்டேன், அம்மா."

"சரி" என்றாள்.

அந்தச் "சரி" அவருக்கு மறுபடியும் பிடிபடவில்லை.

சடையனுக்கு ஜாமீன் கிடைத்தது. செய்தி வந்ததும் மாசிலாமணிக்கு உடம்பில் பழைய சூடு ஏறியது. ஒரு மனிதனுக்குத் தான் செய்த அநியாயத்தை ஊர் அறியச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதைச் சுவரொட்டியாகவே அடித்தார். "தவறினேன், தலை வணங்குகிறேன்" என்று தலைப்பு. தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவும் சடையன் பெயரை அதைவிடப் பெரிதாகவும் போட்டார். உடைந்து போன நான்கு துண்டு இயக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தப்பு மேளம் வந்தது. ரோஜா மாலை வந்தது. மினி லாரி வந்தது. கரட்டூரே வந்தது.

சிறைக் கதவில் இருந்த சின்னக் கதவு திறந்தது. சடையன் குனிந்து வெளியே வந்தான். பாதியாக இளைத்திருந்தான். இடது விலாவைக் கையால் அணைத்துப் பிடித்திருந்தான். வெளிச்சத்தில் கண் கூசி நின்றான்.

மாசிலாமணி முன்னால் போனார். மாலையைப் போட்டார். கும்பிட்டார். கண்ணீர் விட்டார். படம் எடுத்தார்கள்.

"தோழரே..." என்று சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தப்பு முழங்கியது. நான்கு பேர் அவனை அப்படியே அள்ளித் தோள் மேல் தூக்கினார்கள்.

மாசிலாமணி நான்கு விரலை விரித்துக் கையை உயர்த்தினார்.

"விடுதலை!"

"விடுதலை!" என்றது தெரு.

இரண்டு தெரு சுற்றி, கடைவீதியில் நின்று, மினி லாரியில் ஏறி, கோஷம் போட்டுக்கொண்டே மலைச்சாலையில் வந்து, கரட்டூர் பிரிவில் சடையனை இறக்கிவிட்டார்கள். அவன் மாலையோடு ஒற்றையடிப் பாதையில் நின்றான். லாரி ஆட்களோடு முகாமுக்குப் போய்விட்டது. அங்கே சாப்பாடு ஏற்பாடு ஆகியிருந்தது. பிற்பகலில் மாசிலாமணி தனியாகக் கரையம்மாவிடம் வந்தார். தொண்டை கட்டியிருந்தது. முகத்தில் ஒரு நிறைவு.

"விட்டாச்சு, அம்மா."

கரையம்மா அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஊர் கூடி வந்துச்சு. மாலை போட்டேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டேன். பசங்க அப்படியே தோள்ல தூக்கிட்டாங்க. அவன் முகத்தை நீங்க பாத்திருக்கணும். நான் கோஷம் போடப் போட அவனும் மேல இருந்து வாயைத் திறந்து திறந்து..."

சொல் அங்கேயே நின்றது.

தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். மாலையை வாங்குவதற்கு முன்னால் கையைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் இன்னும் ரோஜா வாசனை இருந்தது.

"விலாவைப் பிடிச்சிருந்தான்" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் போல.

கரையம்மா நிமிர்ந்தாள்.

"எங்க இறக்கி விட்டீங்க?"

"கரட்டூர் பிரிவுல."

"வீடு போய்ச் சேந்தானா?"

அவருக்குத் தெரியவில்லை.

பிரிவிலிருந்து சடையன் குடிசைக்குப் பாதை ஆற்றோரமாகத்தான் இறங்கி வரும். இறங்கி, வளைவைக் கடந்து, மணல் திட்டைத் தாண்டிப் போக வேண்டும். கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தால் அதில் போகிற ஆள் கண்ணில் படாமல் போக முடியாது.

"இந்தப் பக்கம் யாரும் போகல, தலைவரே" என்றாள் கரையம்மா. "நான் காலையில இருந்து இங்கதான் இருக்கேன்."

காற்று கீழிருந்து மேலாக வீசியது. திட்டின் நாற்றம் வந்தது.

"விட்டதைப் போய்ப் பாருங்க."

துண்டு கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. ஓடினார்.